கோடிட்ட இடத்தில் உன் மாமன்

சாமி,

கல்யாணப் பத்திரிகைக்கு நீ மேட்டூரிலிருந்து எழுதி அனுப்பிய மாதிரி வந்து சேர்ந்தது. பெண் வீட்டார் பெயர், நம் வீட்டார் பெயர், முகூர்த்த நேரம் எல்லாம் உன் குண்டுக் கையெழுத்தில் நன்றாக இருக்கின்றன. ஓர் இடத்தில் மட்டும் ‘மணமகனின் தாய்மாமன்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறாய். ஓரத்தில், ‘அம்மா, கோடிட்ட இடத்தை நீயே நிரப்பு, நம் பழைய பாடம் மாதிரி’ என்று விளையாட்டாக ஒரு வரி. உன் காதுகுத்துக்கு மடி கொடுத்த ஒன்றுவிட்ட மாமனின் பெயரை எந்தப் பட்டத்தோடு போடுவது என்று தெரியாமல் என்னிடம் விட்டிருப்பாய், வேறொன்றும் இருக்காது. நான் அந்தத் தாளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அதைத் தொடாமலே ஒரு வாரம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். இது உனக்கு எழுதுவதுதான் என்றாலும், வரப்போகிற உன் மனைவி படிக்கட்டும், அவளைப் பெற்றவர்கள் படிக்கட்டும், நம் பங்காளிகளில் யார் கேட்டாலும் வாசித்துக் காட்டு. தபால்காரர் ஒத்துக்கொள்வார் என்றால் உறையை ஒட்டாமலே அனுப்பியிருப்பேன்.

நீ ராசிபுரத்தில் நாலாம் பாரத்துக்குச் சரித்திரம் எடுத்த வருஷத்தை நினைத்துப் பார். யுத்தக் காலம். காகிதத் தட்டுப்பாட்டில் பாதிப் பையன்களிடம் புத்தகமே கிடையாது. அதனால் நீ பாடத்தை உன் தமிழில் சுருக்கி எழுதி, முக்கியமான சொற்களை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடங்களில் கோடு போட்டு, பலகையில் எழுதிப்போடுவாய். பையன்கள் பார்த்து எழுதிக் கோடுகளை நிரப்ப வேண்டும். கிரேக்க தேசத்து நாடகம் என்று ஒரு பாடம் வந்தது. கிரேக்க தேசம் எங்கே, அரும்பு மீசை முளைத்த நம் ராசிபுரத்துப் பையன்கள் எங்கே என்று நான்தான் கேட்டேன். ஒரே ஒரு சொல்லைத் தேடிப் படிக்கிறவன் முழுப் பாடத்தையும் படித்துவிடுகிறான் அம்மா, இது உன்னிடம் கற்றதுதானே என்று நீ பெருமையாகச் சொன்னாய். அந்தப் பெருமை எனக்கு உரியதல்ல என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் ராட்டையைச் சுற்றிக்கொண்டு சும்மா இருந்தேன்.

வகுப்புக்குப் போகும் முன் எந்தப் பாடத்தையும் என்னிடம் ஒத்திகை பார்ப்பது உன் வழக்கம். நான் ராட்டையில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருப்பேன், நீ எதிரே உட்கார்ந்து வாசித்து, கோடு வருகிற இடத்தில் நிறுத்துவாய். அவர்கள் நாடகம் நடத்தியது எந்தத் திருவிழாவில் என்று நிறுத்தினாய். கோயில் திருவிழா என்றேன். கோயில் சரி, சாமி யார் தெரியுமா, திராட்சை மதுவுக்கு உரிய சாமி என்று சிரித்தாய். நம் ஜில்லாவில் கள்ளுக்கடை மூடியபோது தெருமுனையில் தேங்காய் உடைத்தவள் நான். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மலைச்சரிவில் கல் இருக்கைகளில் உட்கார்ந்து எப்போது பார்த்தார்கள் என்றாய். ‘ராத்திரி’ என்றேன், யோசிக்காமல். பகல் என்று திருத்தினாய். மேடைக்கு முன்னால் ஒரு கூட்டம் நின்று பாடும், நம் பக்கத்து வழக்கில் அவர்களை என்ன சொல்லலாம் என்று நீ முடிக்கும் முன்பே ‘பின்பாட்டு’ என்றுவிட்டேன். நீ தாளிலிருந்து தலையைத் தூக்கினாய்.

“ஏம்மா, கூத்துப் பக்கமே தலை வச்சுப் படுத்ததில்லைன்னு சொல்லுவ?”

“தெருவுல போறது வாரது காதுல உழுவாதா சாமி?” என்றேன்.

அடுத்த வாக்கியம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. ‘பண்டைக் கிரேக்க நாடகங்களில் பெண் வேடங்களைக் கட்டியவர்கள் ______.’ நீ வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். பால் பொங்குகிறது என்று சொல்லி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பில் பால் இருக்கவில்லை. அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

இரண்டொரு நாளில் நீ பையன்களின் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாய். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். ஆறுமுகம் என்ற பையனுடையது. ஜலகண்டாபுரத்திலிருந்து வந்து, ராசிபுரத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த பையன். மற்றவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டில் ‘ஆண்கள்’ என்று எழுதியிருந்தார்கள். அவனும் அதைத்தான் எழுதி, இடம் போதாமல் ஓரம்வரை பொடி எழுத்தில் இழுத்திருந்தான்: ‘ஆண்கள். எங்கள் ஊரில் சாருடைய மாமா செங்கோடன்.’ வகுப்பில் பக்கத்துப் பையன் அதை எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்து, எல்லாரும் சிரித்துவிட்டார்கள் என்று சொன்னாய். உன் காது மடல் சிவந்திருந்தது.

“அம்மா, செங்கோடன்னு உனக்கு யாராச்சும் இருக்காங்களா?”

நான் ராட்டையை நிறுத்தவில்லை. கை அதன் போக்கில் சுற்றிக்கொண்டே இருந்தது. “எங்கண்ணன் காலராவுல போனது உனக்குத் தெரியாதா? எவனோ உன்னை எளக்காரம் பண்றான். இதைச் சும்மா உட்டா நாளைக்குத் தலைமேல ஏறி உக்காருவான் சாமி.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்குத் தேவையே இருக்கவில்லை. மறைத்ததோடு நின்றிருக்கலாம். மறுநாள் நீ அந்தப் பையனை வகுப்பின் முன்னால் நிறுத்திப் பிரம்பால் அடித்தாய் என்றும், அவன் அழாமல், “நெசந்தானுங்க சார்” என்று சொன்னதால் இன்னும் அடித்தாய் என்றும் சாயங்காலம் நீயேதான் சொன்னாய். சொல்லிவிட்டு உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அளவுக்கு மீறி அடித்துவிட்டேனோ என்று கேட்டாய். நான் உன் இலையில் மோர் ஊற்றினேன். அந்த வாரத்துக்குப் பிறகு ஆறுமுகம் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. கொஞ்ச நாள் நீ அவனைப் பற்றிப் பேசினாய். அப்புறம் பேசவில்லை. அவன் பொய் எழுதவில்லை. உன்னைக் கேலியும் செய்யவில்லை. தன் ஊரில் எல்லாரும் கொண்டாடுகிற ஒருவருக்குத் தன் வாத்தியார் சொந்தம் என்று சந்தோஷப்பட்டு எழுதினான். அடி வாங்கியிருக்க வேண்டியவள் நான்.

செங்கோடன் என் கூடப்பிறந்த அண்ணன். உன் தாய்மாமன். காலராவில் போகவில்லை. ஜலகண்டாபுரத்தில், நான் பிறந்த அதே வீட்டில் உயிரோடு இருக்கிறார்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா, திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்று அவருக்கு அந்தப் பெயர் வைத்தார். தறியில் உட்கார்ந்தால் அண்ணனுக்குக் கை நெசவில் இருக்கும், வாய் பாட்டில் இருக்கும். மீசை முளைக்கும் முன்பே ஒரு கூத்துக் கூட்டம் அவரைப் பெண் வேஷத்துக்கு இழுத்துக்கொண்டது. பாட்டு எழுதிய தாள்களை என் மடியில் போட்டுவிட்டுத் தறி நாடாவை ஓட்டிக்கொண்டே பாடுவார். எங்காவது மறந்து நின்றால், தாளைப் பார்த்து அடுத்த சொல்லை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது எழுத்தே தெரியாது. அவர் பாடிக் கேட்டதை வைத்து, இந்த இடத்தில் இந்தச் சொல்தான் இருக்க வேண்டும் என்று தாளில் விரலை வைத்துக்கொண்டே போவேன். ஒரு நாள் அவர் நின்ற இடத்தில் நான் சொன்ன சொல் நினைவிலிருந்து வரவில்லை, தாளிலிருந்து வந்தது. அவர் தறியை நிறுத்திவிட்டு, “புள்ள படிச்சுப்புட்டா” என்று அம்மாவைக் கூப்பிட்டார். நான் எழுத்துக் கற்றது அப்படித்தான். உனக்கு நான் துதிப் பாட்டுகளில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுப் பாடி, உன் விரலை வைத்துத் தேடச் சொன்னேனே, அது அண்ணனின் பாடம். நீ அதைக் கிரேக்க நாடகம்வரை கொண்டுபோனாய். யாரிடம் கற்றாய் என்று நீ சிறு வயதில் கேட்டபோது, முருகன் கொடுத்தது என்றேன். அண்ணனை மறைக்கச் சாமியையே இழுத்தேன்.

என்னைப் பெண் பார்க்க உன் அப்பா வீட்டார் வந்தபோது, கூத்தாடி இருக்கிற வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று யாரைப் பற்றியோ பேச்சு வந்தது. எங்கள் அப்பா என் கண்ணெதிரேயே தனக்கு ஆண் பிள்ளை தங்கவில்லை என்று சொல்லிவிட்டார். அண்ணன் பெட்டியோடு வெளியூர்க் கூத்துக்குப் போயிருந்தார். அது அப்பா சொன்ன பொய். என் கல்யாணத்துக்கு அவர் வராமல் போனதை அப்பா கணக்கில் எழுதலாம். அதற்கு மேல் நடந்ததெல்லாம் என் கணக்கு.

உன் காதுகுத்து வெண்ணந்தூர் குலதெய்வக் கோயிலில் நடந்தது. பந்தலில் உன்னை ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் உட்கார்த்தத் தயாராக இருந்தோம். அப்போது அண்ணன் பந்தல் ஓரத்தில் வந்து நின்றார். யார் சொல்லி அறிந்தாரோ. முந்தின நாள் எங்கோ ஆடிவிட்டு, முகம் கழுவியும் கழுவாமலும் நடந்தே வந்திருக்கிறார். காதோரம் அரிதாரம் மஞ்சளாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. கூந்தலாக முடிவதற்கு வளர்த்த முடியைக் கொண்டை போட்டிருந்தார். கையில் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, உனக்கென்று தானே நெய்த ஒரு சின்ன வேட்டி. மேலே துண்டைப் போட்டு மூடியிருந்தார். உன் அப்பாவின் அத்தை அவரைப் பார்த்துவிட்டு, அது யார் என்று என்னைக் கேட்டாள். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கூத்தாடிங்க அத்தை. அரிசி கேட்டு வந்திருக்கான்,” என்றேன்.

அவர்கள் ஆடிய ஊர்களில் வீடு வீடாக அரிசி வாங்குவது உண்டுதான். அத்தை முறத்தில் அரிசி கொண்டுவந்தாள். அண்ணன் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதை மூடியிருந்த துண்டை உருவி இரண்டு கையாலும் விரித்து ஏந்தினார். அத்தை கொட்டினாள். “மவராசி, பையன் நல்லா இருக்கட்டும்” என்று அரிசி வாங்குகிறவர்கள் சொல்வது போலவே சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் கொடுத்த வேஷத்தை ஒரு பிசகு இல்லாமல் கட்டினார். உன் காதில் ஊசி இறங்கியபோது நீ அழுததாகச் சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை.

நான் மாதம் தவறாமல் திருச்செங்கோட்டு மலை ஏறுகிறவள் என்று உனக்குத் தெரியும். படியேறி மூச்சு வாங்கி, அங்கே பாதி உடம்பு பெண்ணாக நிற்கிற சாமியைப் பார்த்துக் கண்ணீர் விடுவேன். பெண்ணாக நின்ற அண்ணனைப் பார்த்துத்தான் கூசினேன். இத்தனை வருஷம் சந்நிதியில் நின்றும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை என்றால், என் பக்தி எங்கே இருந்தது என்று நீயே சொல். உன் அப்பா கண் மூடும்வரை அவருக்கும் சொல்லவில்லை. அவர் போன பிறகு பயப்பட ஆள் இல்லை. ஆனாலும் மறைப்பது பழகிவிட்டது, வெற்றிலை போடுவது போல. வீட்டுக் கணக்கில் ஒரு புள்ளி தப்பினால் சுரண்டக் கூடாது, குறுக்கே கோடிட்டு, தப்பும் தெரியும்படி பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரு மனுஷனைத்தான் சுரண்டி எடுத்தேன்.

உன் மாதிரித் தாள் வந்த பிறகு, போன செவ்வாய்க்கிழமை ஜலகண்டாபுரம் போனேன். உன்னிடம் கோயிலுக்கு என்று சொல்லி அனுப்பினேனே, அதுவும் பொய். அண்ணன் வாசலில் தறிக்குப் பாவு நூல் பிரித்துக்கொண்டிருந்தார். முழங்கால் மடங்கவில்லை, இப்போது ஆடுவதில்லை, சின்னவர்களுக்குப் பின்பாட்டு மட்டும். என்னைப் பார்த்ததும் நேற்றுத்தான் போய் வந்தவளைப் போல, “வா சாமி, உள்ள வா” என்றார். தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், காலரா உட்பட. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சிரித்தார்.

“நல்லவேளை, அம்மைல போயிட்டேன்னு சொல்லாம உட்ட. தழும்பு மூஞ்சின்னா பொம்பள வேசத்துக்கு ஆவாது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறுமுகத்தைப் பற்றிக் கேட்டேன். அவன் இப்போது அங்கே தறி போட்டிருக்கிறான். கூத்துக்கூட்டத்துக்குப் பாட்டுத் தாள்களை வாசித்துக் கொடுப்பவனும் அவன்தானாம். “அந்தப் பையன் மேல தப்பு இல்ல. நாந்தான் பெருமைக்கு உங்க வாத்தியாரு எம் மருமவன்னு சொல்லிப்புட்டேன். சொல்லாம இருந்திருந்தா பையன் படிச்சிருப்பான்,” என்றார். அடித்தது நீ, அடிக்கச் சொன்னது நான், பழியை அவர் எடுத்து வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் அந்தப் பையனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னேன். “கல்யாணத்துக்கு நீங்க வரோணும்ங்ணா. தாய்மாமனா நிக்கோணும்.”

பாவு நூலைக் கீழே வைத்தார். “மாப்ளைக்கு என்னைத் தெரியுமா?”

“இல்லீங்ணா. நான் கூட்டிட்டுப் போயி...”

“வேண்டாம் சாமி. தெரியாம வந்து நின்னா அது இன்னொரு வேசம். நாலு பேருக்கு முன்னால நீ என்னை யாருன்னு சொல்றயோ அதா நானு நிக்கோணும். ஒருக்கா நின்னாச்சு. அவனுக்குச் சொல்லு. அவனாக் கூப்புட்டா வாரேன். கூப்புடலீன்னாலும் வருத்தமில்ல.”

நான் புறப்படும்போது உள்ளே போய் ஒரு துணியைக் கொண்டுவந்து காட்டினார். கொடுக்கவில்லை, காட்டினார். அன்று தட்டில் வைத்துக் கொண்டுவந்த சின்ன வேட்டி. பழுப்பேறியிருந்தது. மடிப்புக் கலையவில்லை.

சாமி, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்குத் தாய் நாலு நல்ல வார்த்தை எழுதுவது முறை. எனக்கு அந்த யோக்கியதை குறைவு. ஆனாலும் என் தப்பிலிருந்து எடுத்ததைச் சொல்கிறேன். உன் மனைவியிடம், உன் வீட்டில் யாரைக் காட்டக் கூச்சமாக இருக்கிறதோ அவரைத்தான் முதலில் காட்டு. அதைத் தள்ளிப்போட்டால் அப்புறம் அந்தக் கூச்சம்தான் வீட்டை ஆளும். அவள் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நீயே முன்னால் போய்க் கும்பிடு. வகுப்பில் ஒரு பிள்ளை எழுதிய விடை உனக்குச் சுருக்கென்று தைத்தால், அவனை நிறுத்தும் முன் விசாரித்துவிடு. விசாரிக்கிற இடத்தில் என்னைப் போல் ஒருத்தி இருந்தால் அவளை நம்பாதே, இன்னொருவரையும் கேள். உன் பாடத்தில் நீ விடுகிற கோடுகளுக்கு நீ நினைத்த சொல் ஒன்று இருக்கும். பிள்ளைகள் சில சமயம் அதற்கு மேலும் அறிந்திருப்பார்கள்.

உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். உன் கையால் ஒரு பையனின் படிப்பு நின்றது, அந்தப் பிரம்பை உன் கையில் கொடுத்தவள் நான். நீ இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாலும், இரண்டு வருஷம் பேசாமல் இருந்தாலும் எனக்கு ஒரு சொல் இல்லை. ஆனால் அதை அண்ணன் மேல் காட்டாதே.

மாதிரித் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அந்தக் கோட்டை நான் நிரப்பவில்லை. அதை நிரப்பும் உரிமையைக் காதுகுத்துப் பந்தலிலேயே தொலைத்துவிட்டேன். நீ எழுதுகிற பெயரைத்தான் அச்சாபீசில் கோர்ப்பார்கள். மடி கொடுத்த மாமன் பெயரைப் போட்டால் ஊரில் யாரும் ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை. நீயும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. மேட்டூரிலிருந்து சேலம் வருகிற பஸ் ஜலகண்டாபுரத்தில் நிற்கும். நீ இத்தனை நாளும் அந்த ஊரைத் தாண்டித்தான் என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தாய். இறங்கினால், தறிக்காரர் தெருவில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். ஆறுமுகத்தைக் கேட்டால் கூடவே வந்து காட்டுவான் என்று நினைக்கிறேன்.

அவன் அன்று எழுதியது முழுவதும் சரியான விடை. மார்க் போட்டுவிடு.

செங்கோடனின் தங்கை,
உன் அம்மா.